இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பித்தல்: வகுப்பறை உத்திகள்

இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பித்தல் என்பது, வேறொரு மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களுக்குக் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கு திறன்களிலும் ஆங்கிலத்தைப் பயிற்றுவிப்பதாகும். இந்தியாவில் உயர்கல்வி, உயர்நீதிமன்றம், நிருவாகம், வணிகம் ஆகியவற்றில் ஆங்கிலம் வழங்குவதால் அது அயல்மொழி எனப்படாமல் இரண்டாம் மொழி எனப்படுகிறது. எனினும் தமிழ்வழியில் பயிலும் பெரும்பாலான மாணவர்கள், குறிப்பாகக் கிராமப்புறத்தினரும் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வருபவரும், ஆங்கிலத்தைத் தொடர்ச்சியான பேச்சாகக் கேட்கும் இடம் வகுப்பறை ஒன்றுதான். எனவே அந்தப் பாடவேளை எவ்வாறு செலவிடப்படுகிறது என்பதே அவர்களது ஆங்கில அறிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. தமிழ்வழி வகுப்பறைக்கு ஏற்ற, மாணவர்களை ஈடுபடுத்தும் உத்திகள் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

சிக்கலின் தன்மை

முதல் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலப் பாடம் படித்துத் தேர்ச்சி பெற்ற மாணவர் ஒருவர், நேர்முகத் தேர்வில் தம்மைப் பற்றி நான்கு வாக்கியம் பேசத் திணறுவது பரவலாகக் காணப்படும் நிலை. மாணவரின் அறிவுக் குறைவு இதற்குக் காரணம் அன்று. வினாவிடைகளை மனப்பாடம் செய்து எழுதும் பயிற்சி அவருக்குக் கிடைத்திருக்கிறது. தம் கருத்தைத் தாமே சொல்லும் பயிற்சி கிடைக்கவில்லை.

இதை ஓர் எளிய கணக்கால் உணரலாம். ஒரு பாடவேளை 40 நிமிடம், வகுப்பில் 40 மாணவர்கள் என்று கொள்வோம். ஆசிரியர் பாதி நேரம் விளக்கினால் எஞ்சுவது 20 நிமிடம். ஒருவர் பின் ஒருவராகப் பேசவைத்தால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது அரை நிமிடம். ஆண்டுக்கு 200 பாடவேளைகள் நடந்தாலும் ஒரு மாணவர் ஆங்கிலம் பேசிய மொத்த நேரம் 100 நிமிடம். அதாவது இரண்டு மணி நேரம்கூட இல்லை. அதே வகுப்பில் நாள்தோறும் 10 நிமிடம் இருவர் இருவராகப் பேசவைத்தால், ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு 5 நிமிடம் பேசுவர். பேசும் நேரம் பத்து மடங்காகிறது. இதற்குப் புதிய கருவியோ செலவோ தேவையில்லை.

வகுப்பு முழுவதும் சேர்ந்து உரக்கச் சொல்லும் கூட்டு வாசிப்பு இக்குறையை மறைத்துவிடுகிறது. குரல் ஓங்கி ஒலிக்கும். ஆனால் முன்வரிசையில் சிலர் சொல்வதைப் பின்வரிசையினர் கடைசி அசையில் சேர்ந்துகொள்வர். ஒலிப்புப் பயிற்சிக்கு இம்முறை உதவும். பேச்சுப் பயிற்சிக்கு ஈடாகாது.

தென்னிந்தியாவில் ஆங்கிலம் கற்பித்தல் முறைகள்

தொடக்கத்தில் இலக்கண மொழிபெயர்ப்பு முறையே வழக்கில் இருந்தது. பாட வரிகளைத் தமிழில் பெயர்த்துச் சொல்லி, இலக்கண விதிகளை உருப்போடச் செய்வது இதன் இயல்பு. அதன்பின் தாய்மொழியை விலக்கிப் பொருள்களையும் செயல்களையும் காட்டி நேரடியாகக் கற்பிக்கும் நேர்முறை வந்தது. 1950களிலும் 1960களிலும், வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து கடினம் என்ற வரிசையில் பயிற்றும் அமைப்பு முறை பரவியது. சென்னை மாநிலத்தில் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இம்முறையில் ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பெருமுயற்சி மேற்கொள்ளப்பட்டது. பயிற்சி பெற்ற சிலர் பலருக்கும், அவர்கள் மேலும் பலருக்கும் பயிற்சி தரும் திட்டமாதலால் இது பனிப்பந்து என்ற பெயரால் அறியப்பட்டது.

உலக அளவில் பேசப்படும் செயல்பணி வழிக் கற்பித்தலின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்றும் தென்னிந்திய வகுப்பறைகளில்தான் நடந்தது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய இத்திட்டம் பெங்களூர்த் திட்டம் எனப்படுகிறது. பெங்களூர், சென்னை, கடலூர் உள்ளிட்ட ஊர்களின் பள்ளிகளில் இது செயல்படுத்தப்பட்டது. மாணவரின் மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதுதான் இலக்கண அமைப்பு உள்ளத்தில் பதிகிறது என்பது இதன் அடிப்படைக் கருத்து. எனவே இலக்கணப் பட்டியலுக்கு மாறாக, தொடர்வண்டிக் கால அட்டவணையைப் பார்த்து விடை காணுதல், வரைபடத்தில் வழி கண்டறிதல் போன்ற செயல்பணிகள் பாடமாக அமைந்தன. பிரபு 1987-இல் வெளியிட்ட நூலில் இத்திட்டத்தை விளக்கியுள்ளார்.

தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிகளில் அட்டைகளின் துணையுடன் அவரவர் வேகத்தில் கற்கும் செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் விரிந்தது. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தமிழ், கணக்கு ஆகியவற்றுடன் ஆங்கிலமும் இடம்பெற்றது. மாணவர்கள் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளாகப் பகுக்கப்பட்டு அந்தந்த நிலைக்குரிய பயிற்சி பெறுகின்றனர்.

தமிழ் மாணவர்கள் எதிர்கொள்ளும் மொழி வேறுபாடுகள்

மாணவர் செய்யும் பிழைகள் பலவற்றுக்குத் தாய்மொழியின் அமைப்பே காரணமாகிறது. ஆசிரியர் அதை அறிந்திருந்தால் திருத்துவது எளிது.

வாக்கிய வரிசை: தமிழில் வினைச்சொல் பொதுவாக இறுதியில் வரும், ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். 'பள்ளிக்கு' என்பதில் 'கு' உருபு பெயரின் பின் நிற்கிறது. ஆங்கிலத்தில் 'டு' என்ற சொல் பெயரின் முன் நிற்கிறது.

துணைவினை: 'அவர் ஆசிரியர்' என்பது தமிழில் முழு வாக்கியம். அதே அமைப்பில் மாணவர் 'ஹி டீச்சர்' என்கிறார். இடையில் 'இஸ்', 'எ' ஆகிய இரு சொற்கள் விடுபடுகின்றன.

நான்காம் வேற்றுமை: 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் 'எனக்கு' என்று தொடங்குகிறோம். ஆங்கிலத்தில் 'ஐ' என்று தொடங்க வேண்டியிருப்பதால் தடுமாற்றம் ஏற்படுகிறது.

இறந்தகால வினா: 'நேற்று வந்தாயா?' என்பதை 'டிட் யூ கேம்?' என்று கேட்கும் மாணவர் இறந்தகாலத்தை இரு முறை குறித்துவிடுகிறார். காலம் 'டிட்' என்பதிலேயே வந்துவிட்டது. வினை 'கம்' என்றே நிற்க வேண்டும்.

ஒலிப்பு: சொல்லின் தொடக்கத்தில் மெய்ம்மயக்கம் வருவது தமிழ் இயல்பன்று. ஆதலால் 'ஸ்கூல்' என்பது 'இஸ்கூல்' ஆகிறது. குறில், நெடில் வேறுபாடு தமிழில் இருப்பதால் 'ஷிப்', 'ஷீப்' ஆகியவற்றைப் பிரித்துக் கேட்பது தமிழ் மாணவருக்கு அவ்வளவு கடினமன்று. வெளிநாட்டுப் பயிற்சி நூல்களைப் பின்பற்றி இவற்றில் நேரம் செலவிடுவதைவிட, தமிழ் எழுத்து வேறுபடுத்திக் காட்டாத ஒலிகளில் பயிற்சி தருவது பயன் மிக்கது. எடுத்துக்காட்டாக, மேற்குத் திசையைக் குறிக்கும் சொல்லும் பனியனைக் குறிக்கும் சொல்லும் தமிழில் எழுதினால் இரண்டும் 'வெஸ்ட்' தான். முதலாவதற்கு இதழ்கள் குவிய வேண்டும். இரண்டாவதற்கு மேற்பல் கீழிதழைத் தொட வேண்டும். ஆசிரியர் ஒன்றைச் சொல்ல, மாணவர் மேற்கே கைகாட்டுவதா சட்டையைத் தொடுவதா என்று முடிவுசெய்யும் விளையாட்டு மூன்று நிமிடத்தில் முடியும்.

ஆங்கில வரியின் மேல் தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிக்கொள்ளும் பழக்கம் மாணவரிடம் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாததன் அறிகுறி இது. இதைக் கண்டிப்பதால் பயன் இல்லை. 26 எழுத்துகள் ஏறத்தாழ 44 ஒலிகளைக் குறிக்கும் ஆங்கிலத்தில், எழுத்துகளின் பெயரை மட்டுமின்றி அவற்றின் ஒலிகளையும் சேர்க்கைகளையும் கற்பித்தால் இப்பழக்கம் படிப்படியாகக் குறையும்.

ஈடுபாடு தரும் உத்திகள்

1. கட்டளையும் செயலும்

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் உருவாக்கிய முழு உடல் எதிர்வினை முறையில், ஆசிரியர் ஆங்கிலத்தில் கட்டளையிடுவார், மாணவர் செய்துகாட்டுவர். 'ஸ்டாண்ட் அப்', 'ஓப்பன் த டோர்' எனத் தொடங்கி, 'புட் த சாக் அண்டர் த டஸ்டர்' என நீட்டலாம். குழந்தை பேசுவதற்கு முன் கேட்டுப் புரிந்துகொள்வதைப் போலவே இம்முறையும் அமைகிறது. பேசக் கூச்சப்படும் மாணவரும் முதல் நாளிலேயே பங்கேற்கலாம். சில நாள்களில் கட்டளையிடும் பொறுப்பை மாணவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

2. தகவல் இடைவெளி

ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாதபோதுதான் உண்மையான உரையாடல் பிறக்கிறது. கையில் பேனாவை வைத்துக்கொண்டு 'இது என்ன?' என்று ஆசிரியர் கேட்கும்போது விடை இருவருக்கும் தெரியும். ஆகவே அதில் செய்திப் பரிமாற்றம் இல்லை. மாறாக, இருவருக்கும் ஒரே காய்கறிக் கடையின் விலைப்பட்டியலைத் தரலாம். ஒருவரது அட்டையில் தக்காளி, கத்தரிக்காய் விலையும், மற்றவரது அட்டையில் வெங்காயம், முருங்கைக்காய் விலையும் விடுபட்டிருக்க வேண்டும். அட்டையைக் காட்டாமல் 'ஹவ் மச் ஆர் த டொமேட்டோஸ்?' என்று கேட்டே நிரப்ப வேண்டும். பழைய நாள்காட்டித் தாளின் பின்புறமே இதற்குப் போதும்.

3. ஓடும் சொல்வதெழுதுதல்

நான்கைந்து வாக்கியம் கொண்ட பத்தியை எழுதி வகுப்புச் சுவரில் ஒட்ட வேண்டும். இருவரில் ஒருவர் சென்று படித்து, நினைவில் வைத்து வந்து சொல்வார், மற்றவர் எழுதுவார். பாதியில் இருவரும் இடம் மாறுவர். படித்தல், பேசுதல், கேட்டல், எழுதுதல் நான்கும் ஒரே செயலில் அமைகின்றன. இடம் குறைந்த வகுப்பில் வெளித்தாழ்வாரத்தைப் பயன்படுத்தலாம்.

4. கேட்டு மீட்டெழுதுதல்

ஆசிரியர் சிறு பத்தியை இயல்பான வேகத்தில் இருமுறை படிப்பார். மாணவர் முக்கியச் சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு, குழுவாகச் சேர்ந்து அப்பத்தியை மீண்டும் உருவாக்குவர். பின் மூலத்தோடு ஒப்பிடுவர். 'எ' எங்கே விடுபட்டது, வினைச்சொல்லின் இறுதியில் 'எஸ்' ஏன் வந்தது என்ற கேள்விகளை மாணவரே எழுப்புவர். அப்போது தரப்படும் இலக்கண விளக்கம், கேட்ட கேள்விக்கு விடையாக அமைவதால் மனத்தில் நிற்கும்.

5. தெரிந்த சொற்களிலிருந்து தொடங்குதல்

பஸ், டிக்கெட், பென்சில், சார்ஜர், சிக்னல் என நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்களை மாணவர் முன்பே அறிவர். ஊர்க் கடைவீதியில் கண்ட ஆங்கிலச் சொற்களை எழுதிவரச் செய்து சொற்சுவர் அமைக்கலாம். பொருள் மாறிய சொற்களையும் அப்போது சுட்டலாம். தமிழ்நாட்டில் 'ஹோட்டல்' என்பது பெரும்பாலும் உணவகம். ஆங்கிலத்தில் அது தங்கும் விடுதி. கட்டுமரம் என்ற தமிழ்ச்சொல் 'கட்டமரான்' ஆகவும், மிளகுத்தண்ணீர் 'முல்லிகடானி' ஆகவும் ஆங்கில அகராதியில் இடம்பெற்றிருப்பதை அறியும்போது, ஆங்கிலம் எட்டாத மொழி என்ற எண்ணம் தளரும்.

6. கதையை முன்கூட்டி ஊகித்தல்

பாடத்தை முதல் வரியிலிருந்து மொழிபெயர்ப்பதற்கு மாறாக, தலைப்பையும் படத்தையும் காட்டி என்ன நடக்கும் என்று கேட்க வேண்டும். விடைகளைக் கரும்பலகையில் எழுதியபின் மாணவர் படிப்பர். தம் ஊகம் சரியா என்று பார்க்கும் ஆவல் தெரியாத சொற்களையும் கடக்கவைக்கும். வாரம் ஒருமுறை, தாம் எளிதாகப் படிக்கக்கூடிய சிறு நூல்களை மாணவரே தேர்ந்து படிக்க நேரம் ஒதுக்குவது சொல்வளத்தைப் பெருக்கும்.

மாதிரிப் பாடவேளை

ஆறாம் அல்லது ஏழாம் வகுப்புக்கான 40 நிமிடப் பாடவேளை ஒன்றைக் கீழ்க்கண்டவாறு அமைக்கலாம்.

முதல் 5 நிமிடம்: நேரம் சொல்லும் பயிற்சி. ஆசிரியர் கைகளைக் கடிகார முள்களாகக் காட்ட, மாணவர் ஆங்கிலத்தில் நேரம் சொல்வர்.

அடுத்த 10 நிமிடம்: மூன்று பேருந்துகளின் அட்டவணை கரும்பலகையில் எழுதப்படுகிறது. முதல் பேருந்து 8.40-க்குப் புறப்பட்டு 9.50-க்கு நகரை அடைகிறது. கட்டணம் 22 ரூபாய். இரண்டாவது 9.20-க்குப் புறப்பட்டு 10.10-க்கு அடைகிறது; கட்டணம் 40 ரூபாய். மூன்றாவது 9.50-க்குப் புறப்பட்டு 10.35-க்கு அடைகிறது, கட்டணம் 40 ரூபாய். 'வென் டஸ் த ஃபர்ஸ்ட் பஸ் லீவ்?' போன்ற வினாக்களை ஆசிரியர் முழு வகுப்பிடமும் கேட்கிறார். தேவையான சொற்கள் இங்கேயே பழக்கமாகிவிடும்.

அடுத்த 15 நிமிடம்: இருவர் இணைந்து செய்யும் பணி. தாத்தா 10.30-க்குள் மருத்துவமனையில் இருக்க வேண்டும். பேருந்து நிலையத்திலிருந்து அங்கு நடக்க 15 நிமிடம் ஆகும். அவர் எந்தப் பேருந்தில் போகலாம்? மூன்றாவது பேருந்து பொருந்தாது. முதல் இரண்டும் பொருந்தும். போகும் செலவுக்கு அவரிடம் 30 ரூபாய்தான் உள்ளது என்றால் விடை என்ன? ஒவ்வொரு விடைக்கும் 'பிக்காஸ்' என்று காரணம் சொல்ல வேண்டும்.

அடுத்த 5 நிமிடம்: சில இணைகள் வகுப்பின் முன் தம் விடையைச் சொல்லுதல்.

இறுதி 5 நிமிடம்: ஆசிரியர் சுற்றிவரும்போது குறித்துக்கொண்ட மூன்று பொதுப் பிழைகளைப் பெயர் சுட்டாமல் எழுதித் திருத்துதல்.

இத்தகைய பணியின் கடினம் அளவாக இருக்க வேண்டும். வகுப்பில் ஏறத்தாழப் பாதிப் பேராவது பணியில் பாதியையாவது சரியாக முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது பிரபுவின் திட்டத்தில் பின்பற்றப்பட்ட அளவுகோல்.

தாய்மொழியின் இடம்

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசவே கூடாது என்ற கருத்தும், அனைத்தையும் தமிழில் விளக்கும் வழக்கமும் இரு எல்லைகள். சி. ஜே. டாட்சன் 1967-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய இருமொழி முறை இடைவழி ஒன்றைக் காட்டுகிறது. ஆசிரியர் பொருளை விளக்க மட்டும் தாய்மொழியைச் சுருக்கமாகப் பயன்படுத்துவார். பயிற்சி முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கும். 'நேர்மை' போன்ற நுண்பொருள் சொல்லைச் செய்கைகளால் விளக்கப் பத்து நிமிடம் செலவிடுவதைவிட, தமிழில் ஒரு சொல்லால் உணர்த்திவிட்டு அந்தப் பத்து நிமிடத்தை ஆங்கிலப் பேச்சுக்குத் தருவது சிறந்தது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் மாணவரின் பன்மொழி அறிவைக் கற்றலுக்கான வளமாகவே கருதுகிறது.

பிழைகளும் அச்சமும்

மாணவர் வாய் திறக்காமைக்கு முதற்காரணம் சிரிப்புக்கு ஆளாவோம் என்ற அச்சம். பேச்சின் நடுவே திருத்தினால் அவர் அத்துடன் நிறுத்திக்கொள்வார். 'எஸ்டர்டே ஐ கோ டு மார்க்கெட்' என்று மாணவர் சொன்னால், 'ஓ, யூ வென்ட் டு த மார்க்கெட்? வாட் டிட் யூ பை?' என்று ஆசிரியர் உரையாடலைத் தொடரலாம். சரியான வடிவம் காதில் விழுகிறது, பேச்சும் நிற்கவில்லை. பயிற்சியின் நோக்கம் துல்லியமா சரளமா என்பதைப் பொறுத்துத் திருத்தம் அமைய வேண்டும். இலக்கணப் பயிற்சியில் உடனே திருத்தலாம். கதை சொல்லும்போது முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் சிரிக்கக் கூடாது என்பதை ஆண்டின் முதல் வாரத்திலேயே வகுப்பு விதியாக்குவது நல்லது.

குறைகளும் கவனிக்க வேண்டியவையும்

இணைப்பணி குறித்து மாற்றுக் கருத்தும் உண்டு. மாணவர் தமக்குள் பேசும்போது ஒருவர் பிழையை மற்றவர் கற்றுக்கொள்ள வாய்ப்புண்டு என்று கருதிய பிரபு, தம் திட்டத்தில் குழுப்பணியை வலியுறுத்தவில்லை; ஆசிரியருடன் நடக்கும் உரையாடலுக்கும் தனிப்பணிக்குமே முதன்மை தந்தார். இதனால்தான் இணைப்பணிக்கு முன் முழு வகுப்புப் பயிற்சியும், பின் பொதுத் திருத்தமும் தேவைப்படுகின்றன.

குழுவில் நன்கு படிப்பவரே அனைத்தையும் செய்துவிடுவதும், மாணவர் பணியைத் தமிழிலேயே பேசி முடித்துவிடுவதும் வழக்கமான இடர்கள். குழுவில் ஒவ்வொருவருக்கும் தனித் தகவலைத் தந்துவிட்டால் எவரும் ஒதுங்க இயலாது. தேவையான மூன்று நான்கு ஆங்கிலத் தொடர்களைக் கரும்பலகையில் எழுதி வைத்தால் தமிழுக்குத் தாவும் தேவை குறையும். மெல்லக் கற்கும் மாணவருக்கு அதே அட்டவணையிலிருந்து எளிய வினாக்களையும், விரைந்து முடிப்பவருக்குப் புதிய வினா உருவாக்கும் பணியையும் தரலாம்.

விளையாட்டு என்ற பெயரில் மொழி இல்லாத ஆரவாரம் மட்டும் நிகழ்வதும் உண்டு. படத்திற்கு வண்ணம் தீட்டுவதில் அரைமணி நேரம் போய்விட்டு, பேசிய ஆங்கிலம் ஒரு சொல்லாக இருந்தால் அது ஓவிய வகுப்பே. ஒரு செயல்பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன், இதை முடிக்க மாணவருக்கு ஆங்கிலம் தேவைப்படுகிறதா, எத்தனை வாக்கியம் பேசுவார் என்ற இரு வினாக்களைக் கேட்டுக்கொண்டால் போதும்.

மதிப்பீடு

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத்துத் தேர்வாக அமைவதால் பேச்சுத்திறன் பின்தள்ளப்படுகிறது. வளரறி மதிப்பீட்டில் இதற்கு இடம் தரலாம். நாளொன்றுக்கு 5 மாணவர் வீதம் ஒருவருக்கு ஒரு நிமிடம் பேசக் கேட்டால், 40 பேர் கொண்ட வகுப்பை 8 பாடவேளைகளில் கேட்டு முடிக்கலாம். பொருள் புரிந்ததா, தடையின்றிப் பேசினாரா, முந்தைய முறையைவிட முன்னேற்றம் உண்டா என்ற மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் பதிவுசெய்ய வேண்டும். ஒரு மாணவரைப் பிறரோடு ஒப்பிடாமல், சூன் மாதத்தில் அவர் பேசியதையும் மார்ச் மாதத்தில் பேசுவதையும் ஒப்பிடுவதே இதன் முறை. சூனில் தம் பெயரைச் சொல்லவும் தயங்கிய மாணவர் மார்ச்சில் ஐந்து வாக்கியம் தாமே அமைத்துச் சொன்னால், அவற்றில் இரண்டு பிழையாக இருந்தாலும், அவ்வகுப்பில் கற்றல் நிகழ்ந்திருக்கிறது எனக் கொள்ளலாம்.